ஒரு சோறு பதம்தான்... ஆனால் எந்தச் சோறு?

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. பானையில் உள்ள அத்தனை பருக்கைகளையும் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கஞ்சி வடிப்பவர் எந்த ஊரிலும் கிடையாது. ஒன்றிரண்டு பருக்கை போதும். சமூக அறிவியல் ஆய்வில் மாதிரி எடுத்தல் அல்லது சாம்பிளிங் என்று சொல்லப்படுவதும் இதுதான். ஒரு நாட்டில் உள்ள எல்லோரிடமும் கேட்க முடியாது. சிலரிடம் கேட்டு எல்லோரையும் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் பழமொழி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. எந்தப் பருக்கையை எடுப்பது? அதை யார் முடிவு செய்வது? மேலாக இருக்கும் பருக்கை வேகாமல் இருக்கும்போதே அடியில் இருப்பது குழைந்து போயிருக்கலாம். அதனால்தான் கரண்டியை விட்டு ஒரு கிளறு கிளறிவிட்டுப் பதம் பார்க்கிறார்கள்.

இந்தச் சின்னக் கேள்விக்கு விடை காண அறிஞர்களுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. நடுவில் ஒரு புகழ்பெற்ற பத்திரிகையே காணாமல் போனது. அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

24 லட்சம் பேர் சொன்ன தவறான பதில்

அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்று ஒரு வார இதழ் இருந்தது. ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் லட்சக்கணக்கானவர்களுக்குத் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, திரும்பி வந்ததை எண்ணி முடிவு வெளியிடுவது அதன் வழக்கம். 1920 முதல் 1932 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் யார் வெல்வார் என்று சரியாகச் சொல்லியிருந்தது. அதனால் அதன் வார்த்தைக்கு நல்ல மதிப்பு.

1936 தேர்தலில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் ஆல்ஃப் லாண்டனும் மோதினார்கள். பத்திரிகை சுமார் 1 கோடி சீட்டுகளை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டனுக்கு 12,93,669, ரூஸ்வெல்ட்டுக்கு 9,72,897. அதாவது லாண்டன் 57 சதவீதம் வாங்கி வெல்வார் என்பது கணிப்பு.

நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளுடன் ஜெயித்தார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டே மாநிலங்கள். 1938-இல் அந்தப் பத்திரிகையே இல்லாமல் போனது.

எங்கே தவறு நடந்தது? பெயர்களை எடுத்தது டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியல்களிலிருந்தும். அது பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். வீட்டில் போனும் வாசலில் காரும் இருந்தவர்கள் ஓரளவு வசதியானவர்கள். ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டுப் போட்ட ஏழைகளில் பலர் அந்தப் பட்டியல்களில் இல்லவே இல்லை. பாடப்புத்தகங்களில் இந்தக் காரணத்தோடு கதை முடிந்துவிடும்.

ஆனால் அது பாதிக் காரணம்தான். 1 கோடிப் பேருக்குச் சீட்டு போனது, பதில் அனுப்பியது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள். மற்றவர்கள்? பெவரில் ஸ்குவயர் என்ற அரசியல் அறிஞர் 1937-இல் எடுக்கப்பட்ட ஒரு கேலப் சர்வேயின் தகவல்களை வைத்து 1988-இல் இதை ஆராய்ந்தார். சீட்டு கிடைத்த எல்லோரும் பதில் போட்டிருந்தால், ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்ற முடிவாவது பத்திரிகைக்குக் கிடைத்திருக்கும் என்று அவர் கண்டார். ரூஸ்வெல்ட் மேல் கோபமாக இருந்தவர்கள் ஆர்வத்தோடு தபால் பெட்டியைத் தேடிப் போனார்கள். மற்றவர்களில் பலர் சீட்டை மேசையில் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள்.

ஆக, மாதிரியில் யார் இருக்க வேண்டும் என்பதைப் பத்திரிகை முடிவு செய்யவில்லை. பதில் அனுப்பியவர்கள் தங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். 24 லட்சம் என்ற பெரிய எண் அந்தக் குறையைச் சரிசெய்யவில்லை. மறைத்துத்தான் வைத்தது.

சிறிய எண்ணை யாரும் நம்பாத காலம்

இந்தக் கதைக்கு 40 வருடங்களுக்கு முன்னால் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் புள்ளியியல் என்றாலே முழுமையாக எண்ணுவது என்றுதான் அர்த்தம். லண்டனின் வறுமையைப் பற்றி எழுதிய சார்லஸ் பூத் அந்த நகரத்தைத் தெருத்தெருவாகத் துழாவினார். 1899-இல் யார்க் நகரத்தின் வறுமையை ஆராய்ந்த சீபோம் ரௌன்ட்ரீயின் கணக்கில் 11,560 தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. ஒரு வீட்டையும் விடக்கூடாது என்பதுதான் நோக்கம்.

1895-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சர்வதேசப் புள்ளியியல் நிறுவனத்தின் கூட்டம் நடந்தது. நார்வே நாட்டின் புள்ளியியல் துறைத் தலைவர் ஆன்டர்ஸ் நிக்கோலாய் கியர் அங்கே ஒரு யோசனை சொன்னார். நாடு முழுவதையும் எண்ண வேண்டாம், நாட்டைப் போலவே சிறிய அளவில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதை ஆழமாக ஆராய்ந்தால் போதும் என்றார். இதற்கு அவர் வைத்த பெயர் பிரதிநிதித்துவ முறை.

பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எண்ணிப் பார்க்க முடியும்போது எதற்குக் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் கியோர்க் ஃபான் மாயர் போன்றவர்களின் வாதம். ஆனாலும் கியர் விடவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களில் பேசிக்கொண்டே இருந்தார். 1903-இல் பெர்லின் கூட்டம் அவருடைய முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது.

ஆனால் கியரிடம் ஒரு குறை இருந்தது. மாதிரி எவ்வளவு தூரம் தவறலாம் என்று கணக்கிட அவரிடம் வழி இல்லை. “உங்கள் சின்ன எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?” என்று கேட்டால் அவரால் எண்ணால் பதில் சொல்ல முடியாது.

அந்த இடத்தில்தான் இங்கிலாந்தின் ஆர்தர் பௌலி வந்தார். நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டு மாதிரியின் பிழையை அளக்கலாம் என்று 1906-இல் வாதாடினார். 1912-இல் ரெடிங் நகரத்தில் செய்தும் காட்டினார். ஊரிலுள்ள எல்லாத் தொழிலாளர் வீடுகளுக்கும் போகவில்லை. பட்டியலில் ஒழுங்கான இடைவெளி விட்டு, சுமார் 20 வீட்டுக்கு ஒரு வீடு என்று குறித்துக்கொண்டார். களப் பணியாளர்களுக்கு அவர் போட்ட கண்டிப்பான விதி ஒன்று உண்டு. குறித்த வீட்டில் விவரம் வாங்க எவ்வளவு சிரமமாக இருந்தாலும், அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது!

சாதாரண விதி போலத் தெரியும். ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. கதவு பூட்டியிருக்கும் வீட்டில் இருப்பவர் இரண்டு ஷிப்ட் வேலைக்குப் போனவராக இருக்கலாம். கதவு திறந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அவருக்குப் பதில் ஆக மாட்டார்.

1915-இல் வெளியான பௌலியின் ஆய்வு நான்கு ஊர்களைப் பற்றியது. வேலை இருந்தும் கூலி போதாததால் வறுமையில் கிடப்பவர்கள் ஏராளம் என்று அது காட்டியது. ஏழைகள் சோம்பேறிகள் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பதில். அதுவும் 20-இல் ஒரு வீட்டை மட்டும் பார்த்துக் கிடைத்த பதில்.

வீடு வீடாகப் போன ரௌன்ட்ரீயும் பின்னாளில் இதைச் சோதித்தார். 1936-இல் யார்க்கில் மறுபடி முழு ஆய்வு செய்தபோது, தன்னிடம் இருந்த படிவங்களிலிருந்தே 10-க்கு ஒன்று, 20-க்கு ஒன்று என்று 50-க்கு ஒன்று வரை மாதிரிகள் எடுத்து முழுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பல கேள்விகளுக்கு மாதிரி தந்த விடை முழு விடைக்கு நெருங்கியே வந்தது.

நிபுணரின் கை

சரி, சிறிய மாதிரி போதும் என்றாகிவிட்டது. அதை யார் தேர்ந்தெடுப்பது? விஷயம் தெரிந்த நிபுணர் பார்த்துப் பொறுக்கி எடுத்தால் நன்றாக இருக்காதா?

இத்தாலியில் அப்படித்தான் செய்தார்கள். 1921 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் படிவங்கள் அங்கே குவிந்து கிடந்தன. அடுத்த கணக்கெடுப்புக்கு இடம் வேண்டும். எல்லாவற்றையும் அழிக்காமல் ஒரு மாதிரியை மட்டும் வைத்துக்கொள்ள முடிவானது. கொர்ராடோ ஜினியும் லூய்ஜி கல்வானியும் அந்த வேலையைச் செய்தார்கள். 214 மாவட்டங்களில் 29-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு முக்கிய விவரங்களில் இந்த 29-இன் சராசரியும் நாட்டின் சராசரியும் பொருந்தும்படி மிகக் கவனமாகப் பொறுக்கினார்கள்.

அந்த ஏழில் பொருந்தியது. மற்ற விவரங்களைப் பார்த்தபோது மாதிரி ஒரு பக்கமும் இத்தாலி இன்னொரு பக்கமும் நின்றன. பார்த்துப் பொறுக்கிய கண் தனக்குத் தெரிந்ததை மட்டும் சரிசெய்தது. தெரியாததைச் சரிசெய்ய எந்தக் கண்ணாலும் முடியாது.

1934-இல் லண்டனில் ராயல் புள்ளியியல் கழகத்தில் போலந்து நாட்டு அறிஞர் ஜெர்சி நெய்மன் ஒரு கட்டுரை வாசித்தார். இத்தாலிய அனுபவத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு அவர் சொன்னதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: தேர்வை மனிதன் கையில் விடாதே, வாய்ப்பின் கையில் விடு. அதாவது குலுக்கல். முழுமைத் தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதிரியில் வருவதற்கு, முன்கூட்டியே தெரிந்த ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பூஜ்யமாக இருக்கக் கூடாது, தெரியாததாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நிபுணரின் அறிவை நெய்மன் தூக்கி எறியவில்லை. மக்களை முதலில் நகரம், கிராமம், தொழில் என்று பிரிவுகளாகப் பிரிக்க அந்த அறிவு உதவும். பிரித்த பிறகு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குலுக்கல்தான். நாம் படிக்கும் அடுக்கு மாதிரி இதுதான்.

குலுக்கலால் இன்னொரு லாபமும் உண்டு. கியருக்குக் கிடைக்காத பதில் இதில் கிடைக்கிறது. தேர்வு வாய்ப்பின் வழியே நடந்தால், அது எவ்வளவு தவறலாம் என்பதை நிகழ்தகவு விதிகளைக் கொண்டு கணக்கிடலாம். உதாரணமாக, எளிய சமவாய்ப்பு முறையில் 1,000 பேரை எடுத்தால் ஒரு சதவீதக் கணக்கில் வரும் பிழை பெரும்பாலும் 3 புள்ளிக்குள் அடங்கும். தொகுதி 10 லட்சமாக இருந்தாலும் சரி, 100 கோடியாக இருந்தாலும் சரி, இது ஏறக்குறைய மாறாது. வீட்டுச் சட்டியில் வைத்த ரசத்துக்கும் கல்யாண வீட்டு அண்டாவில் வைத்த ரசத்துக்கும் உப்புப் பார்க்க ஒரே கரண்டி போதும் அல்லவா? நன்றாகக் கலக்கியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. புள்ளியியலில் கலக்குவதற்குப் பெயர் குலுக்கல். அந்த வேலைக்கென்றே 1927-இல் டிப்பெட் என்பவர் 41,600 இலக்கங்கள் கொண்ட சமவாய்ப்பு எண் அட்டவணையை வெளியிட்டிருந்தார்.

தபால்காரர் கண்டுபிடித்தது

இந்தப் பாடம் அமெரிக்க அரசுக்கு மூன்றே வருடத்தில் பயன்பட்டது. 1937-இல் நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று தெரியவேண்டியிருந்தது. நவம்பர் மாதம் வீடு வீடாகத் தபாலில் அட்டை போனது. வேலை இல்லாதவர்கள் நிரப்பி அனுப்ப வேண்டும். சுமார் 78 லட்சம் பேர் அனுப்பினார்கள்.

லிட்டரரி டைஜஸ்ட் செய்த அதே வேலைதான் இது. ஆனால் இந்தத் தடவை கூடவே ஒரு சோதனையும் வைத்தார்கள். நாட்டின் தபால் விநியோகப் பாதைகளில் 2 சதவீதத்தை மாதிரியாக எடுத்து, அந்தப் பாதைகளில் தபால்காரர்களை வீடு வீடாக அனுப்பி விசாரித்தார்கள். அந்த 2 சதவீதம் காட்டிய விடை சுமார் 1 கோடியே 10 லட்சம்!

நாடு முழுக்க அனுப்பிய அட்டை கிட்டத்தட்ட 30 லட்சம் பேரைத் தவறவிட்டது. 50-இல் ஒரு பாதையில் நடந்த தபால்காரர் அவர்களைக் கண்டுபிடித்தார். 1940 கணக்கெடுப்பில் சில கேள்விகளை 5 சதவீதம் பேரிடம் மட்டும் கேட்கும் அளவுக்கு அமெரிக்க அரசுக்கு மாதிரி மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

கேட்பவரின் கை

1936-இல் பத்திரிகை தோற்றபோது ஜெயித்தவர் ஜார்ஜ் கேலப். மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சொல்லி ஒரே நாளில் புகழ் பெற்றார். ஆனால் கேலப்பும் குலுக்கல் செய்யவில்லை. அவருடையது ஒதுக்கீட்டு முறை. ஆண்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர், இந்த வயதில் இத்தனை பேர், இவ்வளவு வாடகை கொடுப்பவர் இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கணக்குக்குள் யாரைக் கேட்பது என்பது பேட்டி எடுப்பவரின் விருப்பம்.

பேட்டி எடுப்பவரும் மனிதர்தானே? நாய் குரைக்கும் வீட்டையும் மூன்றாவது மாடியையும் தவிர்ப்பார். நல்ல சட்டை போட்டு, நின்று பேசுபவரைக் கேட்பார். ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் வசதியானவர்களே சேருவார்கள். அவர்களில் குடியரசுக் கட்சிக்காரர்கள் அதிகம். 1936, 1940, 1944 என்று மூன்று தேர்தல்களிலும் கேலப் அந்தக் கட்சிக்கு உண்மையை விட அதிக சதவீதமே சொன்னார். ரூஸ்வெல்ட் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1948-இல் போட்டி நெருக்கமாக இருந்தது. டியூயி 49.5, ட்ரூமன் 44.5 என்றார் கேலப். ரோப்பர், கிராஸ்லி என்ற மற்ற இரு கணிப்பாளர்களும் டியூயி என்றே சொன்னார்கள். ‘சிகாகோ ட்ரிபியூன்’ நாளிதழ் டியூயி வென்றதாகத் தலைப்பே போட்டுவிட்டது. ஜெயித்தவர் ட்ரூமன். அந்தப் பத்திரிகையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு ஒன்று இதை விசாரித்து 1949-இல் அறிக்கை கொடுத்தது. கணிப்பைச் சீக்கிரமே நிறுத்தியது, கடைசி நேர மனமாற்றத்தைக் கவனிக்காதது ஆகியவற்றோடு, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

வங்காளத்துச் சணல் வயல்களில்

இதே வருடங்களில் இந்தியாவிலும் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் எவ்வளவு நிலத்தில் பயிராகிறது என்று மாதிரி முறையில் கணக்கிட ஆரம்பித்தார். சில வருடங்கள் சோதனை. 1941-இல் மாகாணம் முழுவதும் ஆய்வு. வரைபடத்தில் குலுக்கல் முறையில் புள்ளிகளைக் குறித்து, அந்த இடத்துக்கே ஆளை அனுப்பி என்ன பயிர் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

குலுக்கல் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இடத்தை வாய்ப்பு தேர்ந்தெடுத்தாலும் பார்த்து எழுதுவது மனிதன்தான். அதனால் ஒரே பகுதிக்குத் தனித்தனியாக இரண்டு மாதிரிகள் எடுத்து, இரண்டு குழுக்களை ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் அனுப்பினார். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் சரி. பெரிதாக விலகினால் எங்கோ கோளாறு. வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்பியவர் இதில் தப்பிப்பது கஷ்டம்.

1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு அவருடைய நிறுவனம் கிராமங்களில் இதே மாதிரி முறையில் ஆய்வு நடத்தியது. நெல் நிலத்தை விற்றவர்கள் எத்தனை, உழவு மாடு இழந்தவர்கள் எத்தனை, ஒன்றும் இல்லாமல் போனவர்கள் எத்தனை என்று கணக்கிட்டது. முழுக் கணக்கெடுப்பு வரும்வரை காத்திருந்தால் அந்தக் குடும்பங்களில் பலவற்றை யாராலும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதல் சுற்று 1950 அக்டோபர் முதல் 1951 மார்ச் வரை. நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருந்தன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1,833 கிராமங்கள். அதன் பிறகு இந்தியாவில் வறுமைக் கோட்டைப் பற்றி நடந்த பெரிய விவாதங்கள் எல்லாம் இந்த ஆய்வு தந்த நுகர்வுச் செலவுக் கணக்கை வைத்துத்தான் நடந்தன. ரேஷன், மானியம், திட்ட ஒதுக்கீடு என்று பல முடிவுகள் யாரோ முன்பின் தெரியாத சில ஆயிரம் குடும்பங்களின் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன.

பட்டியலில் இல்லாதவர்

இந்த வரலாற்றில் மூன்று தோல்விகள். 1936-இல் தேர்வு பதில் சொல்பவர் கையில் இருந்தது. இத்தாலியில் நிபுணர் கையில். 1948-இல் கேள்வி கேட்பவர் கையில். மூவரில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் இரண்டு தோல்விகளிலும் விடுபட்டது ஒரே மாதிரியான ஆட்கள்: போன் இல்லாதவர், வீட்டில் இல்லாதவர், நின்று பேச நேரம் இல்லாதவர். மனிதன் கை எப்போதும் சுலபமாக எட்டுவதைத்தான் எடுக்கும். குலுக்கலுக்கு அந்தச் சோம்பல் கிடையாது.

குலுக்கலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதற்குப் பட்டியல் வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்கு வாய்ப்பு பூஜ்யம். இந்தியாவில் 2021-இல் நடக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனபோது, 2011 பட்டியலை வைத்தே எத்தனை காலம் மாதிரி எடுப்பது என்று பொருளாதார அறிஞர்கள் கவலைப்பட்டதற்குக் காரணம் இதுதான். முழுக் கணக்கெடுப்பும் மாதிரி ஆய்வும் எதிரிகள் அல்ல. முன்னது இல்லாமல் பின்னது நொண்டும்.

பி.காம். கடைசி வருட ப்ராஜெக்டில் “100 பேரிடம் வசதி மாதிரி முறையில் தகவல் திரட்டப்பட்டது” என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த 100 பேரில் பாதி ஹாஸ்டல் நண்பர்கள், மீதி அவர்களுடைய நண்பர்கள். நேரமும் பணமும் இல்லாத மாணவர் வேறு என்ன செய்வார் என்பது நியாயமான கேள்விதான். அந்த முறையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அந்த 100 பேரை வைத்து “சென்னை நுகர்வோர் இப்படி நினைக்கிறார்கள்” என்று கடைசி அத்தியாயத்தில் எழுதும்போது, அது லிட்டரரி டைஜஸ்ட் எழுதிய தலைப்பாகிவிடுகிறது. இணையத்தில் லட்சம் பேர் ‘க்ளிக்’ செய்த வாக்கெடுப்புக்கும் இதே கதிதான்.

அடுத்த முறை ஏதாவது ஒரு சர்வே முடிவைப் படிக்கும்போது எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், யாருக்கு அதில் வர வாய்ப்பே இல்லாமல் போனது என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு சோறு பதம்தான். பானையைக் கிளறியிருந்தால்.